ஆடுறது வண்டியா, கையா?

அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அவள் கொசு அக்கா. பிள்ளைகளுக்கு மட்டும் என்ன, பெரியவர்களுக்கும் அதே பெயர்தான். விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டி, கையைப் பிடித்து, ரத்தத்தை எடுத்துக்கொண்டு போகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. படுக்கையை விட்டு எழ முடியாத கிழவர்கள், பிரசவமான பெண்கள், கைக்குழந்தைகள், இவர்கள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். அந்தப் பெயரில் அவளுக்குக் கோபம் கிடையாது. "கொசு கடிச்சா தடிக்கும், நான் கடிச்சா தடிக்காது, பந்தயம் கட்டுறியா?" என்று பிள்ளைகளிடம் சவால் விடுவாள்.

சும்மா பீற்றல் இல்லை அது. கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். மற்றவர்கள் குத்திக் குத்திப் புண்ணாக்கிவிட்டுப் போன கைகள்கூட அவளிடம் ஒரே குத்தில் ரத்தம் கொடுக்கும். "எனக்குக் கொசுவையே அனுப்புங்க" என்று லேபுக்குப் போன் போட்டு அடம்பிடிக்கிற நோயாளிகள் உண்டு. ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்கென்று இருந்த பெருமை அந்த ஒன்றுதான். நகை நட்டு இல்லை, பெரிய படிப்பு இல்லை. கை இருந்தது.

இந்த வேலைக்காகத்தான் அந்தச் சின்னக் காரையும் வாங்கினாள். பின் சீட்டில் ஐஸ் பெட்டி, முன் சீட்டில் ஊசிப் பை. வாங்கிய புதிதில் வெண்ணெய் மாதிரி ஓடியது. வாரண்டி முடியப்போகிற சமயம் பார்த்து, சனியன், ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது.

ஆட்டம் என்றால் பெரிய ஆட்டம் இல்லை. தெருத்தெருவாகச் சுற்றி முடித்து, எடுத்த ரத்தத்தை லேபில் சேர்க்கப் பெரிய ரோட்டில் ஏறி வேகம் எடுப்பாள் பாருங்கள், அப்போது உள்ளங்கையில் ஒரு நடுக்கம். விரலை இறுக்கினால் முழங்கை வரை ஏறும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். முதல் நாள் ரோடு சரியில்லை என்று நினைத்தாள். அடுத்த நாள் ரோட்டை மாற்றிப் பார்த்தாள். ரோடு மாறியது, ஆட்டம் மாறவில்லை.

வண்டி வாங்கிய ஷோரூமுக்கே கொண்டுபோனாள். ஷோரூம் என்றால் முன்னால் கண்ணாடி மாளிகை, பின்னால் சர்வீஸ் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் வாட்ச்மேன் வண்டியை வாங்கிக் கழுவுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவான். அங்கே அது ஒரு சட்டம். எந்த வண்டி வந்தாலும் முதலில் தண்ணீர் அடித்துக் கழுவித் துடைத்து, அதன் பிறகுதான் மற்ற எல்லாம். அழுக்கு வண்டியில் கை வைக்கமாட்டார்களாம். வண்டி குளித்துவிட்டு வரும்வரை வாடிக்கையாளருக்கு மெஷினில் ஒரு காப்பி, சுவரில் ஒரு டிவி. அதற்குள் பாதிக் காலை போய்விடும்.

அவளுக்கு வாய்த்த சர்வீஸ் அட்வைசர் கழுத்தில் டை, கையில் டேப்லெட், முகத்தில் அழியாத சிரிப்பு. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பெரிய ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தார். கழுவித் துடைத்த வண்டி சமர்த்துப் பிள்ளையாக ஓடியது.

"ஒண்ணும் தெரியலயே மேடம். நல்லா ஸ்மூத்தாத்தானே போகுது?"

"இப்ப போகுது சார். காலையில ஆடுச்சு."

"வீல் பேலன்ஸ் பண்ணிடுறேன். சரியாயிடும்."

பேலன்ஸ் பண்ணினார்கள். மறுநாள் ஆடியது. திரும்பவும் போனாள். திரும்பவும் குளியல், காப்பி, டிவி, ஓட்டம். ஆட்டம் இல்லை. இந்தத் தடவை பேப்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: குறை எதுவும் தென்படவில்லை.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். "என்னமோ நான் பொழுது போகாம போய் நிக்கிற மாதிரி பாக்குறாங்க! நீங்களே ஓட்டிப் பாருங்க."

அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். சாவியை வாங்கிக்கொண்டு போய், பெரிய ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். சாவியை ஆணியில் மாட்டினார்.

"என்னங்க, ஆடுச்சா?"

"இல்லயே."

"நெஜமாவா?"

"நல்லாத்தான் ஓடுது." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த அவள் கையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர்தான் டீ போட்டார். அவளுக்கு நீட்டிய கோப்பையில் பாதிதான் டீ இருந்தது. பால் குறைந்துவிட்டதோ என்று நினைத்தவள் அவருடைய கோப்பையைப் பார்த்தாள். அது விளிம்பு வரை நிறைந்திருந்தது.  அந்த வீட்டில் பாதிக் கோப்பை ஒரே ஓர் ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். அவளுடைய அண்ணனுக்கு.

அண்ணன் கணக்கு வாத்தியார். வாத்தியாராக இருந்தார் என்று சொல்ல வேண்டும். அவருக்குக் கை நடுங்குகிற நோய். நிறையக் கொடுத்தால் சட்டையில் கொட்டிக்கொள்வார் என்றுதான் பாதிக் கோப்பை. அந்த நோய் வந்த கதை குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அவருக்கும் இதே வயதில்தான் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் அவரும் கையைச் சொல்லவில்லை. ஸ்கூட்டரைச் சொன்னார். ஹேண்டில்பார் ஆடுது, ஹேண்டில்பார் ஆடுது என்று மெக்கானிக் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கடைசியில் ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் கோடு போட, கோடு புழு மாதிரி நெளிய, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் ஆடியது ஸ்கூட்டர் இல்லை என்று தெரிந்தது.

இப்போது புரிகிறதா, ஸ்டியரிங் ஆடுகிறது என்று அவள் சொன்னதும் அவள் கணவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று? பாவம், அவர் என்ன செய்வார். அவளோ அந்த டீயைக் குடிக்கவும் முடியாமல், கொட்டவும் முடியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு தடவ டாக்டரப் பாத்துட்டு வந்துடலாமே" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வண்டிக்குத்தான் வியாதி. எனக்கு எதுக்கு டாக்டர்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். பயம்தான், வேறென்ன? டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. கை நடுங்குகிறவளிடம் ஊசியைக் கொடுக்க எந்த லேபுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

அதன் பிறகு நிம்மதி போயிற்று. குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கையை நீட்டி, விரல்களின்மேல் ஒரு தாளைப் போட்டுப் பார்ப்பாள். அண்ணனுக்கு டாக்டர் அப்படித்தான் செய்து பார்த்தார். தாளின் ஓரம் லேசாக அசையும். மூச்சு விட்டாலே தாள் அசையத்தான் செய்யும், அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? பயந்தவன் கண்ணுக்கு எல்லாமே ஆட்டம்தான்.

அந்த வாரம் ஒரு கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்கப் போனாள். ரப்பர் பட்டையைக் கட்டி, குட்டிக் கையைத் தடவி, நரம்பைப் பிடித்துவிட்டாள். ஊசியை எடுத்த நொடியில், இப்போது ஆடுமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். குத்து தவறிவிட்டது. குழந்தை வீல் என்று கத்தியது. இரண்டாவது குத்தும் தவறியது.

"உங்க கைராசிய நம்பித்தானே அக்கா உங்களையே கேட்டோம்" என்றாள் குழந்தையின் அம்மா. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெண் அழாத குறையாகச் சொன்னதுதான் இவளைக் கொன்றுபோட்டது. காரில் வந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நீயா நானா, சொல்லித் தொலையேன்" என்று அழுதாள்.

மறுபடி ஷோரூமுக்குப் போனபோது அவள் சாதாரண வாடிக்கையாளராகப் போகவில்லை. சண்டைக்கோழியாகப் போனாள். வழக்கம்போல வண்டி குளிக்கப் போனது. வழக்கம்போல ஓட்டத்தில் ஒன்றும் இல்லை. அவள் குரலை உயர்த்தினாள். சோபாவில் இருந்தவர்கள் டிவியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். அட்வைசருக்கு முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய் மேனேஜரிடம் குசுகுசுவென்று பேசிவிட்டு, சிரிப்பைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார்.

"மேடம், ஒரு நல்ல செய்தி. வாரண்டி இந்த மாசத்தோட முடியுது. அதனால உங்க திருப்திக்காக ஸ்டியரிங் ராட், முன் டயர் எல்லாத்தையும் மாத்திக் கொடுத்துடச் சொல்லிட்டாரு. எல்லாம் இலவசம். சாமான் வந்ததும் கூப்பிடுறோம்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இந்த நல்ல செய்தியை முதலில் அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும் என்று நேராக அவர் வீட்டுக்கு விட்டாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார். அப்படிப் பிடிக்காவிட்டால் அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

"எல்லாத்தையும் மாத்தறாங்களாம்ணா. ஒத்துக்கிட்டாங்க!"

"ஆடுதுன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"மாத்தித் தர்றோம்னாங்க."

"நான் கேட்டது அது இல்ல பாப்பா. ஆடுதுன்னு யாராவது வாயத் தொறந்து சொன்னாங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை. உங்கள் திருப்திக்காக என்றுதான் சொன்னார்கள்.

 அண்ணன் சொன்னார்: "அந்த ஸ்கூட்டர் மெக்கானிக் ரொம்ப நல்லவன். நான் போய்ப் போய் நின்னதும், ஆமா சார், பேரிங் போயிருக்கு, மாத்திட்டேன்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உங்க அண்ணிக்கு ஸ்வீட்கூட வாங்கிட்டுப் போனேன். அடுத்த பரீட்சை வரைக்கும் ஆடவே இல்லைன்னு நெனச்சு ஓட்டிட்டிருந்தேன். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு அவனே வீட்டுக்கு வந்து, பேரிங் நல்லாத்தான் சார் இருந்துச்சு, உங்க முகத்தப் பாத்து பாவமா இருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன்னு அழுதான்."

"அண்ணா..."

"அன்னைக்கே அவன் நெசத்தச் சொல்லியிருந்தா நான் சீக்கிரமா மருந்துக்குப் போயிருப்பேன். ஓசியில மாத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா மயங்கிடாத பாப்பா. இருக்கா இல்லையான்னு கேளு. இருந்தா வண்டி. இல்லைன்னா நாளைக்கே டாக்டர்கிட்ட போ. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுக்கோ."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வலது கை இடது கையிலிருந்து நழுவிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

சாமான் வந்துவிட்டது என்று போன் வந்த அன்று அவள் லேபில் சொல்லிவிட்டு, வேலையை முடித்த கையோடு, பெரிய ரோட்டு வழியாகவே ஷோரூமுக்குப் போனாள். வழியெல்லாம் ஸ்டியரிங் ஆடியது. அல்லது கை ஆடியது. எது என்று தெரியவில்லை. வாசலில் வாட்ச்மேன் ஓடிவந்து, வழக்கம்போல, கழுவுகிற பக்கம் கையைக் காட்டினான்.

"கழுவ வேணாம். அட்வைசரக் கூப்பிடுங்க."

"கழுவாம உள்ள எடுக்கமாட்டாங்கம்மா. எறங்குங்க."

"எறங்கமாட்டேன். எஞ்சினையும் அணைக்கமாட்டேன். இப்பதான் ஆடிட்டு வந்துச்சு, இப்பவே வந்து பாக்கச் சொல்லுங்க."

வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கோ அமுக்கென்று அமுக்கினார்கள். ஒருத்தர் இறங்கிவந்து, "என்னம்மா, உங்க அப்பன் வீட்டு வாசலா இது?" என்று கத்தினார். வேறொரு நாளாக இருந்தால் கூசிப்போயிருப்பாள். அன்றைக்குக் காதிலேயே விழவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்வைசர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மேடம், எல்லாத்தையும் மாத்தித் தர்றோம்னு சொல்லியாச்சே! இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு மாத்த வேணாம் சார்."

அவர் விழித்தார். இலவசமாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்கிற வாடிக்கையாளரை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார்.

"ஆடுதா ஆடலையான்னு சொல்லுங்க. அது போதும். ஆடலைன்னா நான் இப்படியே திரும்பிப் போயிடுறேன், ஒங்க வாசப்படிய மறுபடி மிதிக்கமாட்டேன். ஆனா எனக்காகப் பாவம் பாத்துச் சொல்லக்கூடாது. உங்க கொழந்தைங்க மேல சத்தியமா நெசத்தச் சொல்லணும்."

அதைக் கேட்ட அந்த மனிதர் டேப்லெட்டை வாட்ச்மேன் கையில் கொடுத்தார். "தள்ளி உட்காருங்க. நான் ஓட்டுறேன்" என்றார். கழுவாத வண்டியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பெரிய ரோட்டில் ஏறினார்கள். அவள் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். கண்ணை மட்டும் அவர் கையிலிருந்து எடுக்கவில்லை. வேகம் ஏறியது.  இன்னும் ஏறியது. நல்ல தடித்த, முடி அடர்ந்த கை. அசையாமல்தான் இருக்கிறதா?  இல்லை என்று சொல்லப்போகிறார், சாயங்காலம் டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்கு லேபில் பையை ஒப்படைக்க வேண்டும். வரிசையாக எல்லாம் மனதில் ஓடிவிட்டது.

அட்வைசர் ஒரு கையை எடுத்துவிட்டு மறுகையால் பிடித்துப் பார்த்தார். பிறகு கையை மாற்றிப் பிடித்தார். சிரிப்பு எங்கே போயிற்றோ, காணவில்லை.

"ஆடுதும்மா" என்றார்.

"என்ன?"

"ஆடுது."

"பாவம் பாத்துச் சொல்றீங்களா?"

"சத்தியமா ஆடுதும்மா! இந்தா பாருங்க, என் கையே ஆடுது. இதை வச்சுக்கிட்டா இத்தன நாளா ஓட்டுனீங்க?"

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

"ஆடுது, ஆடுது, நல்லாவே ஆடுது!"

அவள் விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிடுவாளோ என்று பயந்துபோய், "தப்புதாம்மா, எங்க தப்புதான், மன்னிச்சிடுங்க" என்று வழிநெடுகக் கெஞ்சிக்கொண்டே வந்தார். அவர் கெஞ்சக் கெஞ்ச அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இந்தத் தடவை வண்டி குளிக்கவில்லை. நேராக, வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டில் ஏற்றினார்கள். மெக்கானிக் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் "ஆ" என்று இழுத்துக்கொண்டார். ஒரு பக்கத்துச் சக்கரம் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் சும்மா இருந்தது. விஷயம் இதுதான்: தெருத்தெருவாக நின்று நின்று போகும்போது அந்தச் சக்கரத்தின் பிரேக் பிடித்த பிறகு முழுசாக விடுவதில்லை. உரசி உரசிச் சூடேறி, தகடு லேசாகக் கோணி, வேகம் எடுத்ததும் ஸ்டியரிங்கை ஆட்டுகிறது. ஆறிவிட்டால் ஒன்றும் இல்லை. வீட்டில் ஆறியிருந்த வண்டியைத்தான் கணவரும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

"நாமளே தண்ணி ஊத்தி ஆறவச்சிட்டு, ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றார் அட்வைசர், யாரையும் பார்க்காமல். மாற்றுவதாக இருந்த ஸ்டியரிங் ராடும் டயரும் பெட்டியோடு ஓரமாகக் கிடந்தன. அவற்றை மாற்றியிருந்தால் ஆட்டம் அப்படியேதான் இருந்திருக்கும். அவளும் டாக்டரிடம் போயிருப்பாள், நடுங்கிக்கொண்டே.  பேப்பரில் பிரேக் கோளாறு என்று எழுதி, வாரண்டியில் மாற்றித் தருவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

கொட்டகையில், லிஃப்டில் நின்ற வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, வண்டிதாண்ணா."





"யாரு சொன்னது?"

"அவரே ஓட்டிப் பாத்தாரு. அவரு கையே ஆடுச்சு. சத்தியம் பண்ணாரு. பிரேக்காம்."

"அப்ப உனக்கு இல்ல."

"எனக்கு இல்லண்ணா." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். 

அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரித்தார். அழுதுகொண்டுதான் சிரித்தார், அவளுக்குத் தெரியாதா?

"பாப்பா, வண்டி பக்கத்துல இருக்கா?"

"எதுத்தாப்புலதான் நிக்குது."

"அதைக் கூசாம நல்லா நாலு திட்டுத் திட்டு. எனக்குத் திட்டுறதுக்கு ஒரு வண்டி கெடைக்கல. எனக்கும் சேத்துத் திட்டு. நான் கேக்கணும்."

அவள் போனை உயர்த்திப் பிடித்தாள். கை கொஞ்சமும் ஆடவில்லை. மெக்கானிக்கும் அட்வைசரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, தொண்டை கிழியத் திட்ட ஆரம்பித்தாள்.